தோட்டாப் பலகையும் வெள்ளிக்கிழமைப் பீங்கான்களும்

எங்கள் வீட்டில் உடுப்புத் தோய்க்கிற அறையில் என் கணவர் தோட்டா செய்தார். இன்றைக்கு இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் மிரண்டுபோவார்கள். எழுபதுகளில், மெல்பேணின் மேற்குப் பக்கத்தில், அது ஒரு பொழுதுபோக்கு. சிலர் ரோஜா வளர்த்தார்கள், சிலர் மீன் பிடித்தார்கள். இவரோ தொழிற்சாலைப் பரிசோதனைக்கூடத்தில் நாள் முழுக்க நிறுத்து அளந்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் நிறுத்து அளந்தார்.

துவக்கு இவருடையதல்ல, அடுத்த வீட்டு வெள்ளைக்காரருடையது. ரயில்வேயில் மெசின் திருத்துகிற பிற்றராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர். வேலையிடத்தில் இரும்புத் துண்டொன்று பட்டு அவருக்கு இடது கண் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணால் அவர் குறிபார்த்துச் சுட்டால், தூரத்துக் கடதாசியில் ஐந்து குண்டும் ஒரு சின்னக் காசுக்குள் அடங்கும். கடைத் தோட்டாவில் அப்படி அடங்காது, ஒன்றாவது விலகி ஓடும். உள்ளே இருக்கிற வெடிமருந்து துளி கூடினாலும் குறைந்தாலும் குண்டு வேறு வழி போகும் என்று இவர் எனக்கு விளங்கப்படுத்தினார். நான் கேட்கவில்லை, இருந்தும் விளங்கப்படுத்தினார். ஆகவே இவர் செய்வார், அவர் சுடுவார். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் அந்தக் கடதாசியை எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்து, துளைகளுக்கு நடுவே அடிமட்டம் வைத்து, சம்பந்தம் பேச வந்தவர்கள் சாதகம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. பயம் என்று நேரே சொல்லிவிடுகிறேன். அந்த மனிதருக்கு மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் இவர் செய்த தோட்டா வெடித்தது.

"ஏதும் பிழைச்சால்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பிழைக்காது. நான்தானே செய்யிறன்" என்றார்.

பிழை வராமல் இருக்க இவரிடம் ஒரு முறை இருந்தது. துளை போட்ட மரப்பலகை ஒன்றில் தோட்டாவின் வெற்றுப் பித்தளைக் கோதுகளை வரிசையாக நிறுத்துவார். சின்னத் தராசில் மருந்தை நிறுத்து ஒவ்வொன்றுக்குள்ளும் ஊற்றுவார். யன்னல் பக்கத்தில் தொடங்கிச் சுவர்ப் பக்கம் வருவார். இலக்குக்குச் சுடுகிற அந்தத் தோட்டாவுக்கு மருந்து கொஞ்சம்தான், கோதின் அடியில் கறுப்பாகக் கிடக்கும். இரண்டு தரம் ஊற்றினாலும் வெளியே வழியாது. வில்லங்கமே அதுதான். அதனால் கடைசியில் டோர்ச் அடித்து ஒவ்வொரு கோதுக்குள்ளும் பார்த்த பிறகே குண்டைப் பொருத்தி மூடுவார். அந்தப் பலகையை நான் தூசி தட்டவும் தொடக்கூடாது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், பலகையில் பாதி நிரம்பியிருந்தபோது கதவு தட்டிக் கேட்டது. எங்களுக்குப் பழக்கமான ஒரு அங்கிளும் அன்ரியும். அந்தக் காலத்தில் மெல்பேணில் எங்கள் சனத்தை விரல்விட்டு எண்ணலாம். யாரும் சொல்லிவிட்டு வருவதில்லை. வந்தால் சாப்பிடாமல் அனுப்புவதும் இல்லை. கையில் வேலை இருக்கிறது என்று வாய் தவறிச் சொன்னாலே போதும், நாங்கள் தலைக்கனம் பிடித்தவர்கள் ஆகிவிடுவோம்.

"இஞ்சேருங்கோ, ஆக்கள் வந்திருக்கினம்" என்று கூப்பிட்டேன். இவர் பலகையைத் தோய்க்கிற மெசினுக்கு மேலேயே விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு வந்தார்.

அன்ரிக்கு வெள்ளிக்கிழமை மரக்கறி. நாங்களும் அப்படித்தான் என்று நினைத்திருந்தா. நானோ அடுத்த நாள் சமையலுக்கு ஆட்டிறைச்சியைக் குசினித் தொட்டிக்குள் தண்ணீரில் போட்டு வைத்திருந்தேன். அதைக் கண்டதும் அன்ரியின் முகம் ஒரு மாதிரிப் போனது. இறைச்சி கிடந்த தொட்டியில் சாப்பிட்ட பீங்கானைக் கழுவ அவவுக்கு மனமில்லை. இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு முடிய, தங்கள் இரண்டு பேருடைய சாப்பாட்டுப் பீங்கான்களையும் தானே எடுத்தா.

"நான் அங்கால கழுவுறன் பிள்ளை" என்று தோய்க்கிற அறையிலிருந்த தொட்டிக்குப் போனா. நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

போகும்போது, காரில் ஒரு விளக்கு எரியவில்லை என்று அங்கிள் எங்கள் டோர்ச்சை இரவல் வாங்கிக்கொண்டு போனார். இவர் விட்ட இடத்திலிருந்து மிச்சக் கோதுகளுக்கு மருந்து ஊற்றினார். அறையின் மங்கல் பல்பில் கோதுக்குள் எல்லாமே கறுப்பாகத்தான் தெரிந்திருக்கும். டோர்ச் அடித்துப் பார்க்காமலே குண்டுகளைப் பொருத்தி மூடிவிட்டார்.

மறுநாள் காலை இரண்டு பேரும் வெரிபீக்கு அங்கால், கோவா பயிரிட்ட மரக்கறித் தோட்டங்களைத் தாண்டி இருந்த, துவக்குச் சுடுகிற ரேஞ்சுக்குப் புறப்பட்டுப் போனார்கள். சற்று நேரத்தில் அன்ரி போன் எடுத்தா.

"டோர்ச்சை வாற வெள்ளிக்கிழமை கொண்டாறம் பிள்ளை. உம்மட மெசினுக்கு மேல ஒரு பலகை கிடந்ததெல்லே, பீங்கான் வைக்க இடமில்லையெண்டு அதைத் தூக்கிக் கீழ வைச்சனான். பயப்பிடாதையும், ஒண்டும் கொட்டேல்லை. கழுவிப்போட்டுத் திரும்ப மேல வைச்சிட்டன்."

"எந்தப் பக்கமா வைச்சனீங்கள் அன்ரி?"

"எந்தப் பக்கமெண்டால்? அது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித்தானே?"

பலகை திரும்பியிருந்தால், யன்னல் பக்கத்தில் நிரம்பிய கோதுகள் சுவர்ப் பக்கம் வந்திருக்கும், அவற்றுக்கே இவர் மறுபடியும் மருந்து ஊற்றியிருக்கிறார். பாதித் தோட்டாவில் இரண்டு பங்கு மருந்து, பாதியில் ஒன்றுமே இல்லை. திரும்பியிருக்காமலும் இருக்கலாம். ஆனால் அந்த மனிதருக்கு இருப்பது ஒரே ஒரு கண்.

ரேஞ்சில் போன் கிடையாது. எனக்குக் கார் ஓடத் தெரியாது. அடுத்த வீட்டுக்கு ஓடி அவருடைய மனைவியிடம் தெரிந்த இங்கிலீசில் உளறினேன். பாதி விளங்கியிருக்கும், அவ உடனே கார்த் திறப்பை எடுத்து வண்டியைக் கிளப்பினா. வழி முழுக்க அன்ரியைத் திட்டினேன், இவரைத் திட்டினேன், அந்த ஆட்டிறைச்சியையும் திட்டினேன். கார் ஓட்டிவந்த அந்த மனிசி முழங்கால் வருத்தக்காரி. ரேஞ்சில் காரை நிறுத்தியதும், நீ ஓடு என்று கையைக் காட்டினா.

கம்பத்தில் சிவப்புக் கொடி ஏறியிருந்தது, சுட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வீட்டுக்காரர் மர வாங்கில் உட்கார்ந்து, கடைத் தோட்டாவில் இரண்டு மூன்றைச் சுட்டுக் குழலைச் சூடாக்கி முடித்துவிட்டார். இவர் தன் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துக் கொடுப்பதைக் கண்டேன்.

"சுடாதேங்கோ!" என்று கத்தினேன்.

இவர் திரும்பினார். என்னைக் கண்டதும் முகம் சிவந்தது. சேலையோடு ஓடி வருகிற பெண்சாதியை அத்தனை வெள்ளைக்காரர்களும் பார்த்துவிட்டார்களே என்ற வெட்கம். அங்கேயே நில் என்று கையைக் காட்டினார். அவரோ தோட்டாவைப் போட்டுப் பூட்டி, கன்னத்தைத் துவக்கில் வைத்துவிட்டார்.

அந்த இடத்தின் சட்டத்தை இவர்தான் எனக்கு ஒருமுறை பெருமையாகச் சொல்லியிருந்தார். ஆபத்தைக் கண்டவர் யாராயிருந்தாலும், சின்னப் பிள்ளையே ஆனாலும், இரண்டு சொல் சொன்னால் எல்லோரும் நிறுத்தியாக வேண்டும். கடையில் பாண் கேட்கவே குரல் எழும்பாத நான், அந்த இரண்டு சொல்லையும் தொண்டை கிழியக் கத்தினேன்.

"சீஸ் ஃபயர்!"

வரிசை முழுவதும் அடங்கிப்போனது. அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. விரலை எடுத்தார், துவக்கைத் திறந்தார், உள்ளிருந்த தோட்டாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து தோய்க்கிற அறையில் பெட்டியைப் பிரித்தார்கள். சட்டைப் பையில் இருந்ததை அவர் முதலாவதாக எடுத்து வைத்தார். இவர் குண்டைக் கழற்றி மருந்தைத் தராசில் கொட்டினார். இரண்டு பங்கு. அடுத்ததைக் கழற்றினார். அதற்குள் ஒன்றுமில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி, அந்த ஒற்றைக் கண்ணைத் துடைத்துவிட்டு, தேத்தண்ணி கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார். போகும்போது, அடுத்த சனிக்கு இதே அளவில் இன்னொரு பெட்டி செய்யச் சொன்னார். இவர் தலையாட்டினார்.

"அன்ரியிட்ட நான் கேக்கத்தான் போறன்" என்றேன்.

"வேண்டாம். அந்த மனிசி உதவி செய்யத்தானே போனது" என்றார். பிறகு, "நீர் கத்தாமல் விட்டிருந்தால்..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் அழுதார். நானும் அழுதேன்.

அந்தக் கிழமை முழுக்கப் பலகை வெறுமையாகவே கிடந்தது. வெள்ளிக்கிழமை டோர்ச்சோடு அவர்கள் வந்தார்கள். அன்றைக்கு வீட்டில் இறைச்சி இல்லை, குசினித் தொட்டியைத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தேன். ஆனாலும் அன்ரி நம்பவில்லை. சாப்பிட்டு முடிய, தங்கள் பீங்கான்களை எடுத்துக்கொண்டு தோய்க்கிற அறைப் பக்கம் திரும்பினா.

சாப்பிட்ட பீங்கானை வாழ்நாளில் கையால் தூக்கியிராத என் கணவர் எழும்பிப்போய் வழியை மறித்து நின்றார்.

"தாங்கோ அன்ரி, நான் கழுவுறன்."

"அவுஸ்திரேலியா தம்பியை நல்லா மாத்திப்போட்டுது!" என்று அன்ரி கைகொட்டிச் சிரித்தா. அங்கிளும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளே தண்ணீர் ஓடியது. இரண்டே இரண்டு பீங்கான்கள், அவருடைய கையில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே இருந்தன.