'லைவ்' என்று நான் போட்டது

இருபத்தாறு வருடமாகக் கேமரா மாட்டுகிறேன். இப்போது ஏணியைப் பார்த்தாலே முட்டு வலிக்கிறது. ஆனால் என்னை அதிகம் சோர்வாக்கியது உட்கார்ந்த இடத்தில் செய்த ஒரு வேலைதான்.

திற்பரப்புக்கு மேலே ஆற்றோரம் ஒரு விடுதி. அதற்கென்று தனியாகக் குளிக்கும் கடவு. மலையில் மழை பெய்தால் தண்ணீர் திடீரென்று ஏறும் என்பதால் மேல்வளைவில் ஒரு கேமரா வைத்தேன். கடவில் காவலுக்கு இருந்த ராஜமணி அண்ணன் கொட்டகையில் உட்கார்ந்து போனில் அந்தப் படத்தைப் பார்த்து, தண்ணீர் கலங்கினால் விசில் அடிப்பார். குளிப்பவர்கள் கரையேறுவார்கள்.

கேமராவின் ஸ்ட்ரீமை பிரௌசர் நேரடியாகக் காட்டாது. விடுதியிலேயே ஒரு சின்ன கம்ப்யூட்டர் வைத்து, அதை வாங்கித் துண்டு துண்டாக்கி வெப் பேஜுக்குக் கொடுக்க வேண்டும். ப்ராக்ஸி என்போம். வைஃபை மோசம், படம் அடிக்கடி நின்றது.

"படம் நிக்கப்பிடாது, கேட்டீரா? ரூம் புக் பண்ணுதவனும் பாக்குத பேஜாக்கும்" என்று முதலாளி கத்தினார்.

படத்தைக் கொஞ்ச நேரம் சேர்த்துவைத்துப் பிறகு காட்டும் பஃபரைக் கூட்டினேன். படம் நிற்காமல் ஓடியது. படத்தின் மூலையில் நேரம் காட்டி ஓடிய மணி அசிங்கமாக இருக்கிறது என்றார் முதலாளி. அதையும் எடுத்துவிட்டு, சிவப்பில் 'லைவ்' என்று போட்டேன். ஆறு எப்போது பார்த்தாலும் ஒரே மாதிரிதானே ஓடுகிறது. தாமதம் யாருக்கும் தெரியவில்லை, புத்திசாலி எனக்கும்தான்.

ஆனி மழையில் ஒரு நாள் விசிலுக்கு முன்பே தண்ணீர் வந்துவிட்டது. அடித்துக்கொண்டு போன ஒரு பெண்ணை அண்ணன் குதித்து இழுத்துப் போட்டார். அவள் பிழைத்தாள், அவருக்குத் தோள் இறங்கிவிட்டது.

"உறங்கிட்டா இருந்தீரு? நாளைக்கு வரண்டாம்" என்றார் முதலாளி.

தக்கலையில் அண்ணனை வீட்டில் போய்ப் பார்த்தேன். "கண்ணு அசந்திருக்கும் மக்கா. வயசாச்சுல்லா" என்றார். சோறு வைத்தார்கள். அண்ணன் அசருகிற ஆள் இல்லையே, படம்தான் பிந்துகிறதோ என்று அப்போதுதான் தோன்றியது.

மறுநாள் மேல்வளைவுக்குப் போய், கேமரா முன்னால் துண்டை வீசிவிட்டுப் போனில் அந்த பேஜைப் பார்த்து எண்ணினேன். பதினெட்டு எண்ணிய பிறகுதான் துண்டு தெரிந்தது. தண்ணீர் கலங்கி அத்தனை நொடி கழித்துத்தான் அண்ணனுக்குப் படத்தில் தெரிந்திருக்கும்.

முதலாளியிடம் தப்பு என்னுடையது என்றேன். அண்ணனைத் திரும்ப எடுத்துக்கொண்டார். என்னைத்தான் அதன்பின் கூப்பிடவில்லை. அண்ணனிடம் சொன்னதுதான் கஷ்டம். ஒரு வார்த்தை திட்டவில்லை.

"அப்போ எனக்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல, இல்லியா?" என்று மட்டும் கேட்டார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இவ்வளவுதான் இருக்கிறது. படத்திலிருந்து மணியை எடுக்காதீர்கள். படம் நின்றால் நிற்கட்டும். நின்றிருந்தால் அண்ணன் எழுந்துபோய் ஆற்றைப் பார்த்திருப்பார்.