சீசரை எந்த மொழியில் மந்திரிப்பது

பிரிஜெட்டுக்கு நாய் என்றாலே ஆகாது. லிங்கராஜபுரத்தில் அவள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், கேட்காவிட்டால் அவளே சொல்வாள். பதினான்கு வருஷமாக வீட்டில் ஒரு நாய் இருந்தது என்றால் அதற்கு அவள் பொறுப்பில்லை. புருஷன் க்ளென் ஒரு மழைநாளில் சிவாஜிநகர் கறிக்கடைகளுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைச் சட்டைக்குள் போட்டு, பஸ்ஸில் கண்டக்டருக்குத் தெரியாமல் கொண்டுவந்து, சீசர் என்று பெயரும் வைத்துவிட்டான். ஒன்று அது இருக்கணும், இல்லை நான் இருக்கணும் என்றாள் பிரிஜெட். இரண்டு பேரும் இருந்தார்கள். க்ளென்தான் போய்ச் சேர்ந்தான்.

போகும்போதாவது பெண்டாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னானா? ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வருஷா வருஷம் பிராணிகளை ஆசீர்வதிக்கிற பிரான்சிஸ் அசிசியார் திருநாளுக்குச் சீசரைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் மந்திரித்துக்கொண்டு வா, விட்டுவிடாதே என்றான். அந்த எரிச்சல் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாள்.

அவளுக்கு வேறு ஒரு கஷ்டமும் இருந்தது. ஞாயிறுதோறும் கோவிலைச் சேர்ந்த பங்குப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். கடவுள் மனிதனைத் தம் சாயலாகப் படைத்தார் என்ற பாடம் வந்தால் அவளுக்கு வேகம் பிடித்துவிடும். மிருகத்துக்குக் கோபம் வந்தால் கடிக்கும், மனிதனுக்குக் கோபம் வந்தால் உட்கார்ந்து பேசித் தீர்ப்பான், அதுதான் வித்தியாசம் என்று மேஜையைத் தட்டிச் சொல்வாள். அப்படிச் சொல்லிவிட்டு அதே கோவில் வளாகத்தில் நாயைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பது அவளுக்குக் கூச்சமாக இருக்கும்.

இந்த வருஷம் சீசருக்குப் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. இனி மருந்து ஒன்றும் இல்லை, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கிறிஸ்துமஸ் வரை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக இதுதான் கடைசி மந்திரிப்பு. இதை மட்டும் முடித்துவிட்டால் க்ளெனுக்குப் பட்ட கடன் தீர்ந்தது என்று பிரிஜெட் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பங்கில் இருந்தவர்களுக்கு மொழி ஞாபகம் வந்தது.

அந்தக் கோவிலில் காலையில் தமிழ்ப் பூசை, பிறகு கன்னடப் பூசை, அதற்குப் பிறகு இங்கிலீஷ் பூசை. எதற்கு எந்த நேரம் என்பதில் பங்கு மக்கள் முப்பது வருஷமாக ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். பிராணிகளை மட்டும் முன்பு இருந்த யாரோ ஒரு பங்குச் சாமியார் இங்கிலீஷில் மந்திரிக்க ஆரம்பித்து, அது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்க்காரர்களுக்குக் கொடி பிடிக்கும் பெர்னார்ட், வருகிற நாய்களில் பாதிக்கு மேல் தமிழ் வீட்டு நாய்கள், அவற்றுக்கு எதற்கு இங்கிலீஷ் என்று பங்குப் பேரவையில் கேட்டார். நாய் எந்த வீட்டில் சோறு தின்றால் என்ன, பிறந்தது கர்நாடகத்தில், ஆகவே கன்னடம்தான் என்றார் கன்னடக்காரர் சின்னப்பா. ஜாதி நாய்களுக்கு இங்கிலீஷ் தவிர ஒன்றும் புரியாது என்றாள் பிரிஸில்லா, அவளிடம் ஒரு லேப்ரடார் இருந்தது. புதிதாக வந்த ஃபாதர் கில்பர்ட்டுக்கு ரத்த அழுத்தம். வந்து பேசியவர்கள் எல்லாரிடமும் சரி சரி என்று சொல்லி அனுப்பினார்.

பிரிஜெட் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். க்ளென் 'சிட்' என்றால் சீசர் உட்காரும். அவள் 'தூரப் போ சனியனே' என்றால் தூரப் போகும். பக்கத்து வீட்டு சீதாலட்சுமி கன்னடத்தில் 'பாரோ' என்று கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும். மூன்று பாஷையும் தெரிந்த அந்த நாய் அதற்காக இன்றுவரை யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை.

திருநாள் ஞாயிறன்று சீசரை க்ளெனின் பழைய போர்வையில் சுற்றி, மூன்று ஆட்டோக்காரர்களிடம் கெஞ்சி, ஒருவழியாகக் கோவிலுக்கு வந்து சேர்ந்தாள். வளாகத்தில் நாய்கள், கூடையில் பூனைகள், ஒரு கிளி, ஒரு ஆடு. ஆடு கிறிஸ்துமஸுக்குப் பிரியாணி ஆகப்போகிற ஆடு, அதையும் மந்திரிக்கக் கொண்டுவந்திருந்தார்கள். சண்டை வரும் என்று பயந்து நாய்களைத் தள்ளித் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். நாய்கள் ஒன்றையொன்று மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டன.

ஃபாதர் புத்தகத்தைத் திறந்தார். எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியவில்லை. அவர் யோசித்த நேரத்தில் பெர்னார்ட் மைக்கைப் பிடித்துத் தமிழில் ஜெபத்தைத் தொடங்கினார். சின்னப்பா மைக்கைப் பிடித்து இழுத்தார். பிரிஸில்லா ஓடிப்போய் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினாள். சத்தம் இல்லாத அந்த மைக்குக்காக இரண்டு பெரிய மனிதர்களும் கட்டிப் புரண்டார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் சின்னப்பா பெர்னார்டின் கையைக் கடித்துவிட்டார்.

அத்தனை பிராணிகள் கூடியிருந்த இடத்தில் அன்றைக்கு நடந்த ஒரே கடி அதுதான். ரத்தம் வந்தது. சாதாரண ஊசி போதுமா, நாய்க்கடிக்குப் போடுகிற ஊசி போடணுமா என்று ஒரு கும்பல் விவாதித்தது. ஆடு பந்தல் பூவைத் தின்றுகொண்டிருந்தது. இன்றைக்கு மந்திரிப்பு இல்லை என்று சொல்லிவிட்டு ஃபாதர் பங்களாவுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

பிரிஜெட் நாயைத் தூக்கிக்கொண்டு பங்களா ஜன்னலுக்குப் போனாள்.

"ஃபாதர், இது ஒண்ணுக்கு மட்டும் ஒரு நிமிஷம் வாங்க. இது அடுத்த வருஷம் இருக்காது."

 உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஒண்ணுக்குப் பண்ணாலும் எந்த பாஷையில பண்ணீங்கன்னு கேப்பாங்க டீச்சர். என்னை மன்னிச்சிடுங்க."

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஜன்னலை உடைத்திருப்பாள், கையில் நாய் இருந்தது. நேரே கோவில் வாசலுக்குப் போனாள். தீர்த்தத் தொட்டியில் கையை நனைத்துச் சீசரின் தலையில் வைத்தாள். ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. குனிந்து அதன் காதில் ஏதோ சொன்னாள். சீசர் அந்த ஈரக் கையை நக்கியது. பத்துப் பேர் பார்த்தார்கள்.

புதன்கிழமை காலையில் சீசர் எழுந்திருக்கவில்லை. சீதாலட்சுமியின் புருஷன் வந்து கறிவேப்பிலைச் செடி பக்கத்தில் குழி வெட்டிக் கொடுத்தார். நாய் என்றாலே ஆகாத பிரிஜெட் அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பங்குப் பேரவையில் இருந்து ஆள் வந்தது. சாமியார் செய்ய வேண்டியதை நீ எப்படிச் செய்யலாம் என்று கேட்பார்கள் என்று அவள் நினைத்தாள். அதற்குப் பதிலையும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். அதை யாரும் கேட்கவில்லை. பெர்னார்ட் கையில் கட்டோடு ஒரு பக்கமும், சின்னப்பா எதிர்ப் பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். ஃபாதர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னப்பாதான் கேட்டார்.

"டீச்சர், நாய் காதுல என்னமோ சொன்னீங்களாமே. அது எந்த பாஷை?"

பிரிஜெட் அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அவர்கள் யாரும் அவளிடம் சின்ன வயசில் பாடம் கேட்டவர்கள் இல்லை, ஆனால் அவர்கள் பிள்ளைகள் எல்லாம் கேட்டவர்கள். பேசித் தீர்ப்பான், பேசித் தீர்ப்பான் என்று மேஜையைத் தட்டியது அவளுக்கு ஞாபகம் வந்தது. 

"ஜெபம் ஒண்ணும் சொல்லல. எங்களை மன்னிச்சிடுடான்னு கேட்டேன். தமிழ்லதான் கேட்டேன். அழுகை வந்தா எனக்கு அதுதான் வரும்."

பெர்னார்ட் கட்டுப் போட்ட கையாலேயே மேஜையைத் தட்டினார். சின்னப்பா தம் ஆட்சேபத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். நாயின் பெயர் இங்கிலீஷ் பெயர் என்பதையும் சேர்த்துக் குறிக்கணும் என்றாள் பிரிஸில்லா. ஃபாதர் சரி சரி என்றார்.

பிரிஜெட் எழுந்து வெளியே வந்தாள். கேட்டைத் தாண்டுவதற்குள் பெர்னார்ட் பின்னாலேயே ஓடிவந்தார். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, அத்தனை பேர் முன்னாடி நம்ம மொழிய விட்டுக் குடுக்கலியே நீங்க."

"பெர்னார்ட், அந்த நாய் செத்துப் போச்சு."

"ஐயோ, எப்பக்கா?"

"புதன்கிழமை."

பெர்னார்ட் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். உண்மையிலேயே வருத்தப்பட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"இத உள்ளயே சொல்லியிருக்கலாமேக்கா. நம்ம பக்கத்துக்கு இன்னும் பலமா இருந்திருக்கும்."

பிரிஜெட் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தாள். பஸ் ஸ்டாப்பில் ஒரு தெருநாய் நிழலில் படுத்திருந்தது. வழக்கமாக அவளைக் கண்டால் எழுந்து ஓடிவிடும் நாய் அது. அன்றைக்கு அவள் அதை விரட்டவில்லை. கொஞ்சம் தள்ளி, அதற்கும் இடம் விட்டு, நின்றுகொண்டாள்.