உஷாராணி இறக்கிய பேனர்

மல்லசமுத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பேன். பதினேழு வருடத்தில் அடித்தவற்றில் ஒரே ஒரு பேனரை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் கூசுகிறது. உஷாராணியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அதைச் சொல்லாமல் தாண்ட முடியாது.

உஷாராணி பிறந்தது சேலம் சூரமங்கலத்தில். அப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலை. குவார்ட்டர்ஸில் வளர்ந்து, பட்டப்படிப்பு முடித்த கையோடு, ராணுவத்தில் இருந்த தமிழரசுவைக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். வந்தபோது மண்வெட்டியை எந்தக் கையால் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. கல்யாணமாகி முப்பத்தைந்தாவது நாள் கணவர் ரயில் ஏறிவிட்டார். நான்கு ஏக்கர் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் இரண்டு எருமைகளும் மாமியார் பாப்பாயியுமாக எல்லாம் உஷாராணியின் பொறுப்பில் வந்து நின்றது. ஐந்தே வருடத்தில், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரைத் தூக்கும்போது ஆட்களோடு ஆளாக நின்று "மெதுவா, மெதுவா" என்று குரல் கொடுக்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

"பதினாலு வருசத்துல சேர்ந்து இருந்த நாளையெல்லாம் கூட்டுனா ரெண்டரை வருசந் தேறாதுங்க" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. கரண்ட் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதுபோல் சொன்னார்.

2025 ஏப்ரல் கடைசியில் தமிழரசு ஒரு மாத லீவில் வந்திருந்தார். அப்போது ஹவில்தார். வந்த ஆறாம் நாளே யூனிட்டிலிருந்து போன். லீவு ரத்து, உடனே கிளம்ப வேண்டும். சேலம் ஜங்ஷன் வரைக்கும் உஷாராணியும் ஏழாவது முடித்திருந்த மகள் மதுமதியும் போய் வழியனுப்பினார்கள். மே முதல் வாரத்தில் எல்லையில் சண்டை மூண்டது. தமிழரசு ஜம்மு பக்கம் இருக்கிறார் என்பது மட்டும்தான் வீட்டுக்குத் தெரியும். அவருடைய போன் அடித்தால் எடுப்பாரில்லை, பிறகு அடிக்கவேயில்லை.

அந்த வார வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்த மூன்று பேர் என் கடைக்கு வந்தார்கள். ஒருவன் கண் சிவந்திருந்தது.

"தீனண்ணா, நம்ம தமிழரசு போயிட்டான்."

பத்துக்கு எட்டு பேனர் வேண்டும் என்றார்கள். உறுதியான சேதியா என்று கேட்டேன். குரூப்பில் வந்துவிட்டது, எல்லாரும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று செல்போனைக் காட்டினார்கள். சீருடையில் தமிழரசு, கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். நான் அதற்கு மேல் யாரையும் கேட்கவில்லை. பின்னால் தேசியக் கொடி, நடுவில் அவர் முகம், மேலே 'வீரவணக்கம்' என்று சிவப்பில். மூன்று மணிக்கெல்லாம் பேருந்து நிலைய வாசலில் கட்டியாகிவிட்டது.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது: காலையில் யாரோ ஒருவர் அந்தப் படத்தைப் போட்டு, 'எல்லையில் நிற்கும் நம் நண்பனுக்காக வேண்டிக்கொள்வோம்' என்றுதான் எழுதியிருக்கிறார். நான்கைந்து குரூப் தாண்டுவதற்குள் அது சாவுச் சேதியாகிவிட்டது.

அந்த நேரத்தில் உஷாராணி கிழங்குக் காட்டில் சொட்டு நீர்க் குழாயின் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுப் பக்கம் ஒப்பாரி கேட்டு ஓடி வந்திருக்கிறார். வாசலில் முப்பது பேர். பாப்பாயி தரையில் உருண்டு நெஞ்சில் அடித்துக்கொள்கிறார். யாரோ சாமியானாவுக்கும் நாற்காலிக்கும் சொல்லி, வண்டியே வந்து நிற்கிறது. மதுமதி கையில் செல்போனோடு சுவரோரம் விறைத்து நிற்கிறாள். சொந்தத்தில் ஒரு பெரியம்மா வந்து உஷாராணியின் தோளைப் பிடித்து, "தலையில இருக்கற பூவ எடுத்துரு சாமி" என்றாராம்.

உஷாராணி அந்தக் கையை மெதுவாக விலக்கினார்.

"யாருங்க சொன்னது? பேரச் சொல்லுங்க."

ஒருவர் இன்னொருவரைக் காட்டினார். அவர் வேறொருவரைக் காட்டினார். கடைசியில் எல்லாக் கைகளும் செல்போனைக் காட்டின.

"அவருக்கு ஒன்னு ஆச்சுன்னா மொதல்ல எனக்குத்தானுங்க சொல்லோணும். யூனிட்டுல எழுதி வெச்சிருக்கறது என்ர நம்பரு. ஆபீசருங்க ஊட்டுக்கே வருவாங்க. என்ர போனு அடிக்கல. ஊட்டுக்கு யாரும் வரல. அதுவரைக்கும் இங்க சாவு விழுகல."

பாப்பாயியைத் தூக்கி உட்காரவைத்து முகத்தைத் துடைத்துவிட்டார். "அத்தை, நாஞ் சொல்ற வரைக்கும் அழுகாதீங்க." சாமியானா வண்டியைத் திருப்பி அனுப்பினார். பிறகு அண்டா வைத்து டீ போட்டு, வந்திருந்த முப்பது பேருக்கும் கொடுத்து, "குடிச்சுட்டுக் கெளம்புங்க. சேதி வந்தா நானே சொல்லியனுப்பறேன்" என்றார். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு அழ யாராலும் முடியவில்லை.

மதுமதியைத் தனியே கூட்டிப்போய் அவர் சொன்னதை, அந்தப் பெண்ணே என்னிடம் சொல்லியிருக்கிறாள்: "அப்பாவப் பத்தி அம்மா சொன்னா மட்டும் நம்பு. நல்லதோ கெட்டதோ, நாந்தான் உனக்குச் சொல்லுவேன். பொய் சொல்லமாட்டேன்."

நாலரை மணி வாக்கில் அவருடைய எக்ஸெல் மொபெட் பேருந்து நிலையத்தில் வந்து நின்றது. பேனரைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரரிடம், "அண்ணா, வண்டிய அந்தக் கம்பத்தோரம் நிறுத்துங்க" என்றார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட்டோவின் மேல் ஏறி, இடுப்பிலிருந்த கருக்கரிவாளை எடுத்தார். ஒரு பக்கக் கயிறு அறுந்தது. தமிழரசுவின் முகம் மடங்கித் தொங்கியது. இறங்கி, மறுபக்கம் போய் ஏறி, அந்தக் கயிற்றையும் அறுத்தார். ராசிபுரம் பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் பஸ் வந்தும் ஏறாமல் பார்த்தது.

"இத அடிச்சது யாருங்க?"

ஒளிந்துகொள்ளலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகு வெளியே வந்தேன். "நானுங்க அம்மிணி."

"ஊட்டுல ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"இல்லீங்க."

"கேட்டிருக்கோணும்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வகுப்புத் தோழர்கள் மூன்று பேரும் தலை குனிந்து நின்றார்கள். அவர்களில் ஒருவனின் செல்போனை வாங்கி, நின்ற இடத்திலேயே பேசிப் பதிவு செய்தார்: "நான் ஹவில்தார் தமிழரசு சம்சாரம் உஷாராணி பேசறனுங்க. எங்கூட்டுக்காரரு பத்தி எங்களுக்கு எந்தக் கெட்ட சேதியும் வரல. வந்தா மறைக்கமாட்டேன். எல்லையில நிக்கறவங்க ஊட்டுல எல்லாம் பொம்பளைங்க போனக் கையில வெச்சுக்கிட்டு உசுரப் புடிச்சுட்டு இருக்கறோம். தெரியாத சேதிய அனுப்பாதீங்க." எந்தெந்த குரூப்பில் படத்தைப் போட்டார்களோ, அத்தனையிலும் இதைப் போடச் சொன்னார். போட்டார்கள்.

அப்போது அவருக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாது. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப எல்லாரிடமும் சொல்வது. கணவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு அவர் கயிற்றை அறுக்கவில்லை. யூனிட் குடும்பங்களுக்கான எண்ணுக்குப் பத்தொன்பது தடவை அடித்தும் லைன் கிடைத்திருக்கவில்லை. பொழுது சாய்ந்தபோது ஒருவழியாகக் கிடைத்தது. "இதுவரைக்கும் எங்களுக்குக் கெட்ட செய்தி இல்லை அம்மா" என்றார்கள். அதற்கு மேல் சொல்ல அவர்களிடமும் ஒன்றுமில்லை.

"அன்னைக்கு நீங்க அழுகவே இல்லீங்களா?" என்று பல நாள் கழித்துக் கேட்டேன்.

"மோட்டாரப் போட்டுட்டு, தண்ணித் தொட்டிக்குப் பொறத்தால உக்காந்துக்கிட்டேனுங்க. அந்தச் சத்தத்துல அழுதா ஆருக்குக் கேக்கப் போகுது?"

அந்தக் குரல் பதிவு நாங்கள் நினைத்ததைவிட வேகமாகப் பரவியது. மறுநாள் ராசிபுரம் பக்கத்திலிருந்து பிரவீனா என்ற பெண் போன் செய்தாள். அவள் கணவரும் எல்லையில். எட்டு மாத கர்ப்பம். பெற்றவர்கள் இல்லை, டிவியைப் பார்த்துப் பார்த்துச் சோறு இறங்கவில்லை என்று அழுதாள். உஷாராணி எருமைகளைக் கறந்து வைத்துவிட்டு, பஸ் பிடித்துப் போய், டிவியை அணைத்து, ரசம் வைத்து அவளைச் சாப்பிட வைத்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் சண்டை நிறுத்தம் என்று அறிவித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தமிழரசு கூப்பிட்டார். நாற்பது நொடிகூட இல்லை.

"நல்லா இருக்கறேன். நீங்க?"

"எல்லாரும் நல்லா இருக்கறோம். மது தூங்கறா. சாப்பிட்டீங்களா?"

பேனரைப் பற்றி உஷாராணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோளில் குண்டுச் சிதறல் பட்டுக் கட்டுப் போட்டிருப்பதைத் தமிழரசுவும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து அது தெரிந்தபோது, சொன்ன சொல் தவறாமல் முதலில் மதுமதியிடம்தான் உஷாராணி சொன்னார்.

ஜூனில் பிரவீனாவுக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரியில் கூட இருப்பவர் கையெழுத்துப் போடும் இடத்தில் உஷாராணி போட்டார். உறவுமுறை என்ற இடத்தில் 'அக்கா' என்று எழுதினார். பெண் குழந்தை. வீடியோ காலில் அதன் முகத்தை அப்பனுக்குக் காட்டியதும் அவர்தான். பிரவீனாவைப்போல் கூப்பிட்டவர்களையெல்லாம் சேர்த்து ஒரு குழு ஆரம்பித்தார். இன்று மல்லசமுத்திரத்திலிருந்து ராசிபுரம் வரை இருபத்து மூன்று படைவீரர் மனைவிகள் அதில் இருக்கிறார்கள். ஒருத்திக்கு வதந்தி வந்தால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள்.

ஜூலையில் தமிழரசு மிச்ச லீவுக்கு வந்தார். டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர், "நீங்க உஷாராணி ஊட்டுக்காரருங்களா?" என்று கேட்டிருக்கிறார். இருபது வருடம் பட்டாளத்தில் இருந்த மனிதர், நெஞ்சை நிமிர்த்தி "ஆமாங்க" என்றாராம். அதைச் சொல்லத்தான் என் கடைக்கே வந்தார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை குழுவின் பெண்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினார்கள். உள்ளே உஷாராணி பேசிக்கொண்டிருந்தார். வெளியே ஹவில்தார் தமிழரசு, பிரவீனாவின் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தபடி, பேச்சு முடியட்டும் என்று வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.