இடப்பக்கம் திரும்பும் லிங்கசாமி

வீட்டுச் சந்திலிருந்து வெளியே வந்து வலது பக்கம் திரும்பினால், குடித்த டீயின் சூடு நாக்கில் இருக்கும்போதே கம்பெனி வாசலில் நிற்கலாம். லிங்கசாமி இடது பக்கம்தான் திரும்புவார். அப்புறம் மறுபடி இடது, அதற்கப்புறமும் இடது. வீரபாண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, சாயப்பட்டறைச் சுவர், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் முகத்தைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். முதலாளி வந்துவிட்டாரா என்று யாராவது போனில் கேட்டால், மதுரைப் பக்கத்து வாட்ச்மேன் ராமர் கூசாமல் சொல்வார்: "இப்பத்தேன் கேட்டைத் தாண்டிப் போறாரு. இன்னும் ஒரு சுத்து இருக்குய்யா."

வண்டி சாதாரண வண்டி அல்ல. ரெண்டே கதவு, தரையோடு படுத்துக்கிடக்கிற மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார். ஏறும்போது முதலில் இடுப்பு போக வேண்டும், பிறகு தலை, கடைசியில்தான் கால். ஐம்பத்தாறு வயதில் ஒரு பனியன் கம்பெனி முதலாளிக்கு இது எதற்கு என்று சொந்தபந்தமெல்லாம் வாயில் அடித்துக்கொண்டது. அவரிடம் பதில் இருந்தது. ஷிப்மென்ட் என்னாச்சு, சாம்பிள் என்னாச்சு என்று வாழ்நாள் முழுக்கக் காதைக் குடைந்த போனை, கோயம்புத்தூர்ப் பக்கத்து ரேஸ் டிராக்கில் மட்டும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். "அங்க என்னைய யாருமே கூப்புட முடியாதுங்க" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு நிம்மதி.

ஆனால் நிம்மதிக்கும் ஒரு கெரகம் பிடித்திருந்தது. அந்த டிராக் கடிகார முள் போகிற பக்கமே சுற்றுகிறது. வலது வளைவுகள்தான் அதிகம். வேகத்தில் வலது பக்கம் ஒடித்தால் பாரமெல்லாம் இடது சக்கரங்களின் மேல் சாயும். லிங்கசாமியோ ரோட்டைக் கவ்விப் பிடிக்கிற டயர் வேறு போட்டிருக்கிறார். பிரேக்கின் சூடு உள்ளே இறங்கி கிரீஸை வேக வைக்கிறது. ஊருக்குள் ஓட்டினால் வருஷக்கணக்கில் உழைக்கிற இடது முன்சக்கரத்து பேரிங், இவரிடம் ஒரு சீசன்கூடத் தாங்காமல் "ஊ" என்று ஊளையிட ஆரம்பித்துவிடும். வலது பக்கத்து பேரிங் மட்டும் வந்த நாளில் இருந்தபடியே மினுமினுவென்று உட்கார்ந்திருக்கிறது. இந்த அநியாயத்தைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

"எடது பக்கத்துக்காரன் ஓவர்டைம் பாத்தே சாகறான். வலது பக்கத்துக்காரன் ஒக்காந்த எடத்துலயே சம்பளம் வாங்கறான். கம்பெனியில இப்புடி உட்டா, அடுத்த வாரமே கேட்டுல கொடி கட்டிருவாங்கல்ல?" என்பார். ஆக, வாரம் பூராவும் இடது பக்கமே திரும்பி வலது பேரிங்கை வேலை வாங்குவது என்று முடிவெடுத்துவிட்டார்.

மெக்கானிக் சகாயராஜ் தூத்துக்குடிக்காரர். தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். "அண்ணாச்சி, ஊருக்குள்ள மெதுவாப் போனா பேரிங்குக்கு என்ன பாரம் விழப்போவுது? அது பாட்டுக்கு உருளும். ரேசுக்குப் போய்ட்டு வந்தா சக்கரத்தைத் தூக்கி மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா பேரிங்கை அது உக்காந்திருக்க ஹப்போட சேத்து மாத்துவோம். அதை விட்டுட்டு ஊரைச் சுத்துனா பெட்ரோல்தான் தீரும்."

"பாரம் இல்லீனா என்னுங்க தம்பி, பழக்கம் வேணுமில்ல?" என்று லிங்கசாமி வாயை அடைத்துவிட்டார். பழக்கியது பேரிங்கையோ இல்லையோ, ஊரைப் பழக்கிவிட்டார். பனியன் ஆர்டர் கொடுக்க வந்த ஒரு ஜெர்மன்காரப் பையர் ஒருமுறை இந்தக் காரில் ஏறினார். மறுமுறை வந்தபோது ஆட்டோ கேட்டார்.

சிக்கல் சாமியிடம் வந்தது. அவிநாசியில் கோயிலைச் சுற்றித் தேர் வீதியில் வண்டியை விட்டபோது, இடப்பக்கமே திரும்பினால் சாமியைத் தலைகீழாகச் சுற்றியதாகிவிடும் என்பது பாதி வீதி போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. பக்கத்தில் இருந்த மனைவி தெய்வாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். லிங்கசாமி வேர்த்து விறுவிறுத்து அத்தனை தூரமும் ரிவர்சிலேயே வந்தார்.

தெய்வாத்தாளை அவ்வளவு லேசாக நினைத்துவிடக் கூடாது. கம்பெனியில் நிட்டிங் பகுதி அவர் பொறுப்பு. அத்தனை மெஷின் இரைச்சலுக்குள்ளும் எந்த மெஷினில் பேரிங் போகப் போகிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். காரில் முதல் பேரிங் போனதையும் அவர்தான் கண்டுபிடித்தார், இரண்டாவதையும் அவர்தான். மூன்றாவது, ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில், பட்டுச்சேலையோடு நடுரோட்டில் நிற்க வைத்துவிட்டது. அன்றைக்கே தீர்ப்பு வந்தது: "இன்னொருக்கா இந்த 'ஊ'ங்கற சத்தம் என்ற காதுல உழுந்துதுன்னா, வண்டிய வித்துப்போடோணும். ஆமா." லிங்கசாமி தலையை ஆட்டினார். வேறு என்ன செய்ய?

போன ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் ஓட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். அவிநாசியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த தெய்வாத்தாள், வருகிற வழியில் தன்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார். அவிநாசி எல்லையைத் தொட்டதும் இடது முன்சக்கரம், "ஊ" என்றது. லிங்கசாமி கண்ணாடியை ஏற்றிவிட்டார். மெதுவாகப் போனால் முனகல்தான். இடது பக்கம் திரும்பினால் பாரம் விலகிச் சத்தமே இல்லை. வலது பக்கம் துளி ஒடித்தால் போதும், ஊளையிடுகிறது.

தெய்வாத்தாள் ஏறி உட்கார்ந்தார். கார் ஊர்ந்தது. ஒரு சைக்கிள் தாண்டிப் போனது.

"ஏனுங்க, வண்டிக்கு மேலுக்குச் சொகமில்லீங்களா?"

"சித்த காத்தோட்டமாப் போலாம்னு பாத்தேன் புள்ள."

"கண்ணாடிய ஏத்தி உட்டுட்டா?"

வலது பக்கம் வந்த வழியையெல்லாம் விட்டுவிட்டு இடது இடதாகவே போனார். திருமுருகன்பூண்டிச் சிற்பக்கூட வாசலில், தும்பிக்கை இன்னும் முடியாத கல் பிள்ளையார் ஒருவர் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே மறுபடி வந்தார்.

"இந்தப் பிள்ளையாரை இப்பத்தானுங்க பாத்தோம்?"

"அது வேற பிள்ளையார்."

தெய்வாத்தாள் ஒரு காதைக் கொஞ்சம் சாய்த்து உட்கார்ந்திருந்தார். லிங்கசாமியின் நெற்றியிலிருந்து வேர்வை மூக்குக்கு வந்தது. கார் போய்விட்டால் அப்புறம் ஞாயிற்றுக்கிழமையும் போன்தான், ஷிப்மென்ட்தான். பள்ளிக்கூடத்தில் தப்பு செய்த பையன் வாத்தியாரைப் பார்ப்பது போல மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். அவர் இவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்படியோ வீரபாண்டி வந்து சேர்ந்தார்கள். வீட்டுச் சந்துக்கு இடப்பக்கமாகத் திரும்புகிற ரோட்டில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். எதிர்த்திசையிலிருந்து வந்து வலது பக்கம் திரும்பினால்தான் வீடு. வேறு வழியே கிடையாது. லிங்கசாமி நடுரோட்டில் வண்டியை நிறுத்தினார். வலது இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. கை ஸ்டியரிங்கில் ஒட்டிப்போயிருந்தது.

"திருப்புங்க" என்றார் தெய்வாத்தாள்.

லிங்கசாமி கண்ணை இறுக்கிக்கொண்டு திருப்பினார். சக்கரம் வாயைத் திறந்த அதே நொடி, தெய்வாத்தாள் குறுக்கே கையை நீட்டி ஹாரனை அழுத்தினார். தெருவே திரும்பிப் பார்த்தது. வண்டி முழுசாகத் திரும்பி முடிகிற வரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை.