உள்ளே வைத்த பலாப்பழம்

வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட்டின் வாடையோடு பழுத்த பலாவின் மணமும் சேர்ந்து வந்தால் இன்றும் நான் முதலில் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். கோடை விடுமுறை விட்டதும் கடலூர் செம்மண்டலத்திலிருந்து சிதம்பரம் வழியாகக் கீரப்பாளையத்துப் பெரியம்மா வீட்டுக்கு எங்களை அழைத்துப்போனது மாமாவின் வாடகை அம்பாசிடர்தான். மாமா, அம்மாவுக்குத் தம்பி. கூரைமேல் இருந்த "கேரியரில்" பெட்டி, படுக்கை, அரிசி மூட்டை எல்லாவற்றையும் ஏற்றி, தேங்காய்நார்க் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, ஒரு காலை வண்டியில் ஊன்றி முடிச்சை இறுக்குவார். பிறகு மூட்டையை ஆட்டிப் பார்ப்பார். அசைந்தால் அத்தனையையும் அவிழ்த்து மறுபடி கட்டுவார். வழியில் டீ குடிக்க இறங்கினாலும் முதலில் கயிற்றைத்தான் தொடுவார்.

எனக்கு ஏழு வயதிருக்கும். காடாம்புலியூரிலிருந்து வந்த பலாப்பழம் ஒன்றை, மேலே வைத்தால் வெயிலில் வெடித்துவிடும் என்று, பின்சீட்டுக்குப் பின்னால் கண்ணாடியை ஒட்டிய பலகையில் வைத்தார். இதையும் கட்ட வேண்டாமா என்று அம்மா கேட்டதற்குச் சிரித்தார்.

"உள்ள இருக்குறது எங்கக்கா போவப்போவுது? அதுக்கு என்னா காலா மொளச்சிருக்கு?"

சிதம்பரத்தைத் தாண்டியதும் சாலையில் உளுந்துச் செடியைக் காயப்போட்டிருந்தார்கள். அதைக் கிளறிக்கொண்டிருந்தவர் சட்டென்று குறுக்கே வர, மாமா பிரேக்கை மிதித்தார். மேலே கட்டியிருந்ததில் ஒன்றுகூட அசையவில்லை. பலாப்பழம் மட்டும் பாய்ந்து வந்து அம்மாவின் வலது தோளில் இடித்து விழுந்தது. இடது தோளில் சாய்ந்து நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு முறிந்த எலும்பு கூடியது, ஆனால் அந்தக் கை முழுதாக மேலே எழவில்லை. கொடியில் துணி போடுவது அன்றிலிருந்து என் வேலையாயிற்று.

இப்போது என் மகனுக்கு இரண்டு வயது. போன வாரம் அம்மாவையும் அழைத்துக்கொண்டு அதே கீரப்பாளையத்துக்குக் கிளம்பினோம். டிக்கியில் சீட்டைவிட உயரமாகப் பைகள், எல்லாவற்றுக்கும் மேலே குக்கர்; அதற்கு நேர் முன்னால் பிள்ளையின் தலை. இரண்டு முறை இறக்கி அடுக்கியும் மனம் ஒப்பவில்லை. மூன்றாம் முறை கதவைத் திறந்தபோது கணவர் பெருமூச்சு விட்டார். "உள்ள இருக்குறது எங்க போயிடும்? மணி ஆவுது."

மாமா சொன்னது அவருக்குத் தெரியாது. நான்தான் அளவுக்கு மீறிப் பயப்படுகிறேனோ, எல்லோரையும் சலிக்கவைக்கிறேனோ என்று கை தயங்கியது. இப்போது எங்கள் காரின் மேல் கேரியர் இல்லை, நார்க்கயிறு இல்லை, வழியில் இறங்கித் தொட்டுப்பார்க்கும் மாமாவும் இல்லை. வெளியே கட்ட ஒன்றுமில்லை. எல்லாமே உள்ளே, எங்கள் தலைகளுக்குப் பின்னால்.

பின்சீட்டிலிருந்து அம்மா இறங்கி வந்தாள்.

"செத்த இருங்க மாப்ள," என்றாள். இடது கையால் குக்கரை இழுத்து எடுத்து, தான் உட்காரும் இடத்தில் கால்களுக்கு நடுவே கீழே வைத்துக்கொண்டாள். "நீ அடுக்குடி."

நான் மறுபடி முதலிலிருந்து அடுக்கினேன்.