வளைவில் மட்டும் எரிந்த விளக்கு

அண்ணன் ஆசையாக வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கல்வராயன் மலைக்குப் போனோம். ஏற்றத்தில் டாஷ்போர்டில் இன்ஜின் ஆயில் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது.

"வயரு லூசா இருக்கும், வுடு" என்றார் அண்ணன்.

"லூசுன்னா குழியிலதான எரியணும்? வலதுபக்கம் வளையும்போது மட்டும் எரியுது. நிறுத்துங்கண்ணா."

"இன்ஜினியரம்மா சொல்லிட்டாங்க" என்று முனகியபடி சமதளத்தில் நிறுத்தினார். இன்ஜின் சற்று ஆறியதும் ஆயில் அளவுக்கம்பியை எடுத்துப் பார்த்தேன். ஆயில் கம்பியின் கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. இருந்த ஆயிலும் வளைவில் ஒருபக்கம் ஒதுங்க, ஆயில் பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் இன்ஜின் போயிருக்கும்.

"காலையில பாத்தப்ப சரியாத்தான இருந்துச்சு?"

"எங்க வச்சுப் பாத்தீங்க?"

"வூட்டு வாசல் சரிவுல" என்றார். சரிவில் ஆயில் கம்பிப் பக்கம் ஒதுங்கி, அளவை அதிகமாகக் காட்டியிருக்கிறது. டிக்கியிலிருந்த ஆயிலை மேல்கோடுவரை ஊற்றினார். அதன்பின் வலதுபக்க வளைவுகளிலும் விளக்கு எரியவில்லை.

இப்போது மலைக்குக் கிளம்புமுன் காரைச் சமதளத்தில் நிறுத்தியே ஆயில் பார்க்கிறோம். கம்பியை அண்ணன் பிடிப்பார். கோட்டை நான் பார்ப்பேன்.