நோன்புக் கஞ்சிக்கு முன் ஒரு குழாய் ரத்தம்

போர் முடிந்த மறு ஆண்டு, நோன்பு மாதத்தில் மருதமுனைக்குப் போனேன். கிழக்குக் கரையைச் சுற்றிப் பார்க்கத்தான் என்று சொல்ல ஆசை. உண்மையில் ஒரு குழாய் ரத்தம் எடுத்து வரத்தான் போனேன்.

கொழும்பில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் ரிஸ்வானா என்று ஒரு தோழி. அவளுடைய ராத்தா, அதாவது அக்கா, பரீதா மருதமுனையில் இருக்கிறார். சுனாமிக்குப் பிறகு அவர் சுகமாக இருந்ததே இல்லை. மூட்டுவலி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், கொத்துக் கொத்தாக முடி உதிர்வு. ஒவ்வொரு டொக்டரும் ஒவ்வொன்றைச் சந்தேகித்து ரத்தம் எடுப்பார், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார். கடலில் உம்மாவைப் பறிகொடுத்த கவலைதான் இப்படிப் படுத்துகிறது என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள்.

எங்களிடம் அப்போதுதான் ஒரு புதுக் கருவி வந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத வண்ண மணிகளை ரத்தத்தோடு கலப்போம். ஒவ்வொரு நிற மணியும் ஒவ்வொரு நோயின் தடயத்தைப் பிடித்துக்கொள்ளும். சில துளிகளில், ஒரே ஓட்டத்தில், பலவற்றைத் தேடிவிடலாம். அதுவரை ஒவ்வொன்றாகத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு இது கரைவலை. ஆனால் செலவு கூடிய வேலை என்பதால் மாதிரிகள் சேர்ந்த பிறகுதான் ஓட்டுவார்கள். திங்கட்கிழமை ஓட்டத்தில் ரிஸ்வானா ராத்தாவுக்கு ஓரிடம் பிடித்து வைத்திருந்தாள். அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. ரிஸ்வானாவோ நிறைமாதக்காரி. பார்சலில் அனுப்பினால் வெயிலில் கெட்டுவிடும். ராத்தாவால் இரவு முழுவதும் பஸ்ஸில் உட்கார முடியாது. ஆக, நான் புறப்பட்டேன்.

வெள்ளி இரவு ஏழரைக்குக் கொழும்புக் கோட்டையில் பஸ் ஏறினால் சனி விடியற்காலை ஐந்தரைக்குக் கல்முனை. வழியில் ஒரு சோதனைச் சாவடி மட்டும் இன்னும் விழித்திருந்தது. மடியிலிருந்த ரெஜிபோம் ஐஸ் பெட்டியைப் பார்த்து, மீனா என்று சிங்களத்தில் கேட்டார் சிப்பாய். கல்முனைக்கு மீன் கொண்டு போகிற அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுப்போகவில்லை என்று சொல்லத் தோன்றியது. திறந்து காட்டினேன்.

கல்முனையிலிருந்து மருதமுனை நாலு கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபா. வீட்டு வாசலிலேயே ஊசியும் குழாயுமாக நான் தயார். பரீதா ராத்தா சிரித்தார்.

“நோன்போட ரத்தம் குடுத்தா நோன்பு முறியாதெண்டு மௌலவி செல்லித்தான் இரிக்கார். எனக்குத்தான் மனசு ஒப்புதில்ல. மஃரிபுக்குப் பொறகு, நோன்பு தொறந்திட்டு எடுங்க தங்கச்சி.”

“சுகமில்லாதவங்களுக்கு நோன்பு கட்டாயமில்லையே ராத்தா?”

“எனக்கு வருத்தம் எண்டு ஒரு டொக்டராவது எழுதித் தந்தாரா? மறுகா எனக்கென்ன சலுகை?”

எங்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய். ஊசியை உள்ளே வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போனேன். வீடுகள் போய் அத்திவாரம் மட்டும் மிஞ்சிய வரிசைக்குப் பின்னால் புது வீடுகள் எழும்பியிருந்தன. கைத்தறிச் சத்தம் தெருவெங்கும் கேட்டது. நல்ல காற்று. மனதுக்கு இதமான பகல்தான் அது.

மாலையில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு தொழுகை. நான் ஊசியை எடுத்தேன். ராத்தாவின் கணவர் நசீர் நானா தடுத்துவிட்டார். “நோன்பாளிக்கிட்ட வெறும் வகுத்தோட ரத்தம் எடுக்கிறதா? கஞ்சியக் குடிச்சிப்போட்டு எடுங்க. நீங்களும் குடிங்க.”

தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி, சமோசா, ரோல்ஸ். நானும் வஞ்சகமில்லாமல் சாப்பிட்டேன். எட்டு மணிக்கு ரத்தம் எடுத்து, அதிலிருந்து நீரைப் பிரிக்கக் கல்முனைக்கு ஓடினேன். அங்கே சிறிய ஆய்வுகூடம் நடத்தும் குணா அண்ணன் எனக்காகக் காத்திருந்தார். குழாயை இயந்திரத்தில் சுழற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“என்ன தங்கச்சி, பால் மாதிரி இரிக்கி?”

தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் வெள்ளையாக நின்றது. சாப்பாட்டுக் கொழுப்பு. எங்கள் கருவி மணிகளின் ஒளியைப் பார்த்துத்தான் கணக்குச் சொல்லும். இந்தக் கலங்கலில் அதை நம்ப முடியாது. பகல் முழுவதும் வெறும் வயிற்றோடு இருந்த மனுஷிக்கு விருந்து வைத்து ரத்தம் எடுத்திருக்கிறோம்! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஞாயிறு காலை விஷயத்தைச் சொன்னேன். நசீர் நானாவின் முகம் வாடிவிட்டது. ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். “இண்டைக்குக் கஞ்சிக்கு முதல் எடுங்க. ஆனா ஒண்டும் இல்லெண்டு மட்டும் வந்திரக் கூடா தங்கச்சி. ஒண்டுமில்ல, ஒண்டுமில்லெண்டு கேட்டு அலுத்துப் பெய்த்து.”

நோய் இருக்க வேண்டும் என்று ஒருவர் வேண்டிக்கொண்டதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அன்று மாலை பழம், தண்ணீர், தொழுகை. அடுத்து நேரே ராத்தா கையை நீட்டினார். ரத்தம் குழாயில் ஏறி முடியும்வரை அந்த வீட்டில் ஒருவரும் கஞ்சிக் கோப்பையைத் தொடவில்லை. நசீர் நானாவே மோட்டார் சைக்கிளில் குழாயைக் குணா அண்ணனிடம் கொண்டுபோய், பிரித்த நீரோடு திரும்பி வந்தார். இம்முறை அது தெளிந்த மஞ்சள். மீன் வாடியில் வாங்கிய ஐஸ் பெட்டியில் நிறைந்தது. எட்டரை பஸ்ஸில் ஏறினேன்.

போக நினைப்பவர்களுக்கு: இரவு பஸ்ஸில் முதல் நாளே ஆசனம் பிடியுங்கள். நோன்பு மாதத்தில் விடியற்காலை இறங்கினால் தேநீர்க்கடை எதுவும் திறந்திராது, பிஸ்கட் வைத்துக்கொள்ளுங்கள். சாரன், அதாவது லுங்கி, வாங்குவதென்றால் தறி இருக்கும் வீட்டிலேயே வாங்கலாம். கஞ்சிக்கு அழைத்தால் மறுக்காதீர்கள், ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்களைத் தவிர.

அந்த வாரக் கடைசியில் முடிவு வந்தது. தேடியவற்றில் மூன்று தடயங்கள் மிக உயர்ந்திருந்தன. சிறப்பு மருத்துவர் பழைய குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்தார். லூபஸ் என்றார், உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய். முற்றாகத் தீராது, மருந்தால் அடக்கி வைக்கலாம் என்றார். ரிஸ்வானா பிரசவ வார்டில் இருந்ததால் நானே மருதமுனைக்கு அழைத்தேன். பேரைச் சொன்னேன், மருந்து இருக்கிறது என்றேன்.

“அப்ப இது வருத்தம்தானா தங்கச்சி?”

“ஓம் ராத்தா. வருத்தம்தான்.”

“போனை ஸ்பீக்கர்ல போடுறன். ஊட்டுல எல்லாரும் இரிக்காங்க. இன்னொருக்கா, சத்தமாச் செல்லுங்க.”